'காண்க: பக்கம் 00' – பல கோப்புகளாகக் கிடக்கும் ஆய்வேட்டில் குறுக்குச் சுட்டுகளைக் காப்பாற்றும் வழி

ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் மாலை நடந்தது. ஏரிப் பாசனம் பற்றிய ஆய்வேடு. ஆறு இயல்கள், ஆறு கோப்புகள். மறுநாள் காலை பைண்டிங்குக்குக் கொடுத்தாக வேண்டும். நெறியாளரைப் பார்த்துவிட்டு வந்த ஆய்வாளர், இரண்டாம் இயலை இரண்டாகப் பிரிக்கச் சொல்லிவிட்டார் என்றார். பிரிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் "இயல் 3, பக்கம் 87 காண்க" என்று ஆறு கோப்புகளிலும் நாங்கள் கையால் அடித்து வைத்திருந்த ஒவ்வொரு வரியும் அந்தப் பத்து நிமிடத்தில் பொய்யாகிவிட்டது. இயல் 3 இப்போது இயல் 4. பக்கம் 87 எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. விடியும் வரை இருவரும் தேடித் தேடித் திருத்தினோம். அப்படியும் சில தப்பின. புறத்தேர்வாளர் அவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

அந்த இரவுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். இலவசமாகக் கிடைக்கிறது; பல கோப்புகளை ஒரே நூலாகக் கோக்கும் வசதி அதில் நம்பகமாக வேலை செய்கிறது. வேர்டு பயன்படுத்தியே ஆக வேண்டியவர்களுக்குக் கடைசியில் சில வரிகள் உண்டு. மெனுப் பெயர்களை ஆங்கில ஒலியிலேயே எழுதுகிறேன். பெரும்பாலானவர்களின் திரையில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு சொற்கள் மாறலாம்.

முதலில் ஒரு கேள்வி: உண்மையிலேயே பல கோப்புகள் தேவையா? நூற்றைம்பது பக்கத்துக்குள் முடிகிற, படங்கள் குறைவான வேலை என்றால் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தொல்லைகளில் பாதி உங்களுக்கு இல்லை. படங்களும் அட்டவணைகளும் நிறைந்து கோப்பு திறக்கவே திணறும்போது, அல்லது ஒருவர் இரண்டாம் இயலைத் திருத்திக்கொண்டிருக்கையில் இன்னொருவர் ஐந்தாம் இயலை அடிக்க வேண்டியிருக்கும்போதுதான் பிரிப்பதற்குப் பொருள் உண்டு.

அடித்தளம்

ஒரே ஒரு கோப்புறை. எல்லா இயல்களும், முன்னுரையும், பின்னிணைப்பும் அதற்குள்ளேயே. பென்டிரைவில் எடுத்துப் போனால் கோப்புறையையே முழுதாக எடுத்துப் போங்கள். கோப்புகளுக்கு ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் பிறகு மாற்றாதீர்கள். "புதியது", "புதியது இறுதி", "இறுதி உண்மையான இறுதி" என்று பெயர் வளர்க்கும் பழக்கம் உள்ளவர்கள், பழைய படிகளைத் தேதியிட்ட வேறொரு கோப்புறையில் போட்டு வையுங்கள். வேலை நடக்கும் கோப்பின் பெயர் மட்டும் நிலையாக இருக்கட்டும்.

எல்லாக் கோப்புகளும் ஒரே வார்ப்புருவிலிருந்து பிறக்க வேண்டும். தலைப்பு, பத்தி, பக்க அமைப்பு ஆகியவற்றின் ஸ்டைல்களை ஒரு கோப்பில் சரிசெய்து, ஃபைல் மெனுவில் டெம்ப்ளேட்ஸ் வழியாக வார்ப்புருவாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இயல்கள், அவற்றை ஒன்றாகக் கோக்கப் பிறகு வரப்போகும் தாய்க்கோப்பு எல்லாம் அதிலிருந்தே தொடங்கட்டும். தாய்க்கோப்பில் சேரும்போது அதன் ஸ்டைல்தான் செல்லும். இயல் கோப்பில் நீங்கள் செய்த தனி அலங்காரம் அங்கே மாறி நிற்கும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த இயல்கள் இருந்தால் முதல் வேலையாக அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். பழைய எழுத்துருவில் இருப்பது கணினியின் கண்ணுக்குத் தமிழே இல்லை, வெறும் ஆங்கில எழுத்துகள். சுட்டுகளுக்கு நாம் வைக்கப்போகும் பெயர்களின் பட்டியலைத் திறந்தால் புரியாத எழுத்துக் குவியல்தான் தெரியும்.

கோப்புகளை ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடி (.odt) வடிவத்திலேயே சேமியுங்கள். நடுவில் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) வடிவுக்கு மாற்றிப் பிறகு திரும்பக் கொண்டுவருவதைத் தவிர்ப்பது நல்லது.

பெயர் வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

குறுக்குச் சுட்டு (கிராஸ் ரெஃபரன்ஸ்) என்பது இரண்டு முனை உள்ள கயிறு. ஒரு முனை, சுட்டப்படும் இடத்தில் நாம் வைக்கும் அடையாளம். மறுமுனை, "காண்க" என்று சொல்லும் இடத்தில் வைக்கும் சுட்டு. அடையாளத்துக்கு நாம் ஒரு பெயர் கொடுக்கிறோம். சுட்டு அந்தப் பெயரைத் தேடிப்போய் அதன் பக்க எண்ணையோ சொற்களையோ எடுத்து வருகிறது.

புதியவர்கள் முதலில் வைக்கும் பெயர் "இயல்3-பக்87" என்பது போல இருக்கும். நானும் அப்படித்தான் வைத்தேன். நாளை மாறப்போகும் எண்ணையே பெயராக வைத்தால் இவ்வளவு பாடும் எதற்கு? பொருளைப் பெயராக வையுங்கள். உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரிகளைப் பராமரித்த ஊர்க்குழுவான ஏரி வாரியம் பற்றி வரும் இடத்துக்கு "கல்-உத்தரமேரூர்". ஏரி நீரைத் திறந்துவிடும் குமிழித் தூம்பின் வரைபடத்துக்கு "படம்-குமிழித்தூம்பு". மிகைநீர் வழிந்தோடும் கலிங்குகளின் பட்டியலுக்கு "அட்-கலிங்கு". முன்னால் வகை, பின்னால் பொருள். ஆய்வாளர் அந்தப் பகுதியை எந்த இயலுக்குத் தூக்கிப் போட்டாலும் அது உத்தரமேரூராகவே இருக்கும்.

நம் உரையாசிரியர்களுக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஓலைச்சுவடியில் படி எடுப்பவர் மாறினால் ஏட்டின் எண்ணும் மாறும். ஆகவே அவர்கள் சூத்திரத்தின் முதற்சொற்களைச் சொல்லியே சுட்டினார்கள். நூல் எழுதுவதற்கென்று தொல்காப்பிய மரபியல் எண்ணும் முப்பத்திரண்டு உத்திகளில் "மொழிவாம் என்றல்", "கூறிற்று என்றல்" என இரண்டு உண்டு. 'பிறகு சொல்வோம்', 'முன்பே சொல்லிவிட்டோம்' என்பவைதாம் அவை. கிராஸ் ரெஃபரன்ஸுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

வைத்த பெயர்களை ஒரு தனிக் கோப்பில் பதிவேடாக எழுதி வையுங்கள்: பெயர், எந்தக் கோப்பில், என்ன பொருள். மூன்று நெடுவரிசைகள் போதும். இந்தப் பதிவேடு ஏன் கட்டாயம் என்பது 'மற்றொரு கோப்பிலிருந்து சுட்டுதல்' என்ற பகுதியில் புரியும். ஒரே பெயரை இரண்டு கோப்புகளில் வைத்துவிட்டால் சுட்டு எதைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. பதிவேடு அதையும் தடுக்கும்.

அடையாளம் வைத்தல்

சுட்டப்பட வேண்டிய இடம் உள்ள கோப்பைத் திறவுங்கள். அங்குள்ள தலைப்பையோ, படத்தின் கீழுள்ள "படம் 4" என்ற சொற்களையோ தேர்ந்தெடுங்கள். இன்செர்ட் மெனுவில் கிராஸ் ரெஃபரன்ஸ். வரும் பெட்டியில் இடப்பக்கப் பட்டியலில் செட் ரெஃபரன்ஸ் என்பதைச் சொடுக்குங்கள். நேம் என்ற கட்டத்தில் பெயரை இடுங்கள். இன்செர்ட் பொத்தானை அழுத்துங்கள். பெட்டி தானாக மூடாது. அதைத் திறந்து வைத்துக்கொண்டே கோப்புக்குள் சென்று அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுத்து அடுத்த பெயரைக் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அடையாளம் நீங்கள் தேர்ந்தெடுத்த சொற்களோடு ஒட்டியிருக்கிறது. பிறகு அந்தத் தலைப்பை முழுதாக அழித்துவிட்டு மறுபடி அடித்தால் அடையாளமும் சேர்ந்து போய்விடும். தலைப்பைத் திருத்த வேண்டுமானால் அதன் நடுவில் கர்சரை வைத்துப் புதியதை அடித்து, பிறகு பழைய எழுத்துகளை நீக்குங்கள். கன்ட்ரோலும் எஃப்8உம் சேர்த்து அழுத்தினால் இத்தகைய இடங்கள் சாம்பல் நிறப் பின்னணியில் தெரியும். வேலை முடியும் வரை அதை அணைக்காமல் வைத்திருப்பது என் வழக்கம். அச்சில் அது வராது.

மற்றொரு கோப்பிலிருந்து சுட்டுதல்

இதுவே புதியவர்கள் கைவிட்டு ஓடும் இடம். நிதானமாகப் படியுங்கள்.

ஐந்தாம் இயலிலிருந்து இரண்டாம் இயலில் உள்ள உத்தரமேரூர்ப் பகுதியைச் சுட்ட வேண்டும். ஐந்தாம் இயலில் கர்சரை வைத்து அதே கிராஸ் ரெஃபரன்ஸ் பெட்டியைத் திறக்கிறீர்கள். இப்போது இன்செர்ட் ரெஃபரன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் "கல்-உத்தரமேரூர்" இருக்காது. இந்தக் கோப்புக்கு அந்தக் கோப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. பரவாயில்லை. எந்த வடிவில் வேண்டும் என்பதில் பக்க எண்ணைத் தேர்ந்தெடுங்கள். நேம் கட்டத்தில் பெயரை நீங்களே இடுங்கள். இன்செர்ட்.

உடனே பக்க எண் வர வேண்டிய இடத்தில் 'சுட்டின் மூலம் கிடைக்கவில்லை' என்ற பொருளில், எரர் என்று தொடங்கும் ஓர் ஆங்கில வாசகம் வந்து நிற்கும். பதற வேண்டாம். அழிக்கவும் வேண்டாம். தனிக் கோப்பில் அது அப்படித்தான் இருக்கும். எல்லா இயல்களும் தாய்க்கோப்பில் ஒன்றாகச் சேரும்போதுதான் கயிற்றின் இரு முனைகளும் சந்திக்கும், எண்ணும் வரும். இந்தப் பிழைச் செய்தியைக் கண்டு பயந்து பழையபடி கையால் எண் அடித்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

பெயரைக் கையால் அடிக்காதீர்கள், பதிவேட்டிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். தமிழில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். 'கோ'வும் அப்படியே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பெயரைத் தேடும் நிரலுக்கு அவை வேறு வேறு சொற்களாகத் தோன்றலாம். 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என இரண்டெழுத்தை அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் இடைவெளி மற்றொரு கள்வன். ஒருமுறை "மேற்கோள்" என்று தொடங்கிய ஒரு பெயர் ஏன் சேரவில்லை என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை அந்த 'கோ'வில் இருந்தது. நகலெடுத்து ஒட்டினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

தாய்க்கோப்பு

ஃபைல் மெனுவில் நியூ, அதற்குள் மாஸ்டர் டாக்குமென்ட். வார்ப்புருவை அதற்கும் பொருத்துங்கள் என்று முன்பே சொன்னேன். உடனே இயல் கோப்புகள் இருக்கும் அதே கோப்புறையில் சேமியுங்கள். நேவிகேட்டர் என்ற சிறு சாளரம் தானாகத் திறக்கும், திறக்காவிட்டால் எஃப்5. அதிலுள்ள இன்செர்ட் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்து ஃபைல் என்பதைத் தேர்ந்தெடுத்து, இயல்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். வரிசை மாறிவிட்டால் மேலே, கீழே நகர்த்தும் அம்புக்குறிகள் அங்கேயே இருக்கின்றன.

தாய்க்கோப்புக்குள் இயலைத் திருத்த முடியாது. திருத்த வேண்டுமானால் நேவிகேட்டரில் அந்தப் பெயரை இருமுறை சொடுக்குங்கள், இயல் கோப்பு தனியாகத் திறக்கும். திருத்தி, சேமித்து, தாய்க்கோப்புக்குத் திரும்பி, டூல்ஸ் மெனுவில் அப்டேட், அதில் அப்டேட் ஆல். ஒவ்வொரு முறை தாய்க்கோப்பைத் திறக்கும்போதும் இணைப்புகளைப் புதுப்பிக்கலாமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். பொருளடக்கத்தையும் இந்தத் தாய்க்கோப்பில்தான் இட வேண்டும்.

எண்கள் விஷயத்தில் ஒன்று. இயல் கோப்புகளைத் தனியே திறந்தால் ஒவ்வொன்றும் தன்னை முதல் இயல் என்றும், பக்கம் 1 என்றும், தன் முதல் படத்தை "படம் 1" என்றும் சொல்லிக்கொள்ளும். அதைச் 'சரிசெய்ய' ஐந்தாம் இயல் கோப்பில் பக்க எண்ணை 140இலிருந்து தொடங்குமாறு யாராவது அமைத்து வைத்திருப்பார்கள். எடுத்துவிடுங்கள். தாய்க்கோப்பு தொடர்ச்சியாக எண்ணிக்கொள்ளும். நீங்கள் கட்டாயமாக வைத்த தொடக்க எண் அங்கே குழப்பத்தையும், நடுவில் வெற்றுப் பக்கங்களையும் கொண்டுவரும். ஒவ்வொரு இயலும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமானால் இயல் தலைப்பின் ஸ்டைலிலேயே பக்க முறிவை வைத்துவிடுங்கள்.

முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் வைப்பது ஆய்வேடுகளில் வழக்கம். அங்குள்ள ஒன்றைச் சுட்டும்போது சாதாரண பக்க எண்ணைத் தேர்ந்தெடுக்காமல், பக்க ஸ்டைலின்படி எண் தரும் வடிவைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ரோமன் எண்ணுக்குப் பதில் 7 என்று வரும்.

வேற்றுமை உருபு என்னும் சிக்கல்

ஆங்கில நூல்களைப் பார்த்து எழுதப்பட்ட வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது. சுட்டு எடுத்து வரும் சொல் அப்படியே வந்து விழும், நம் வாக்கியத்துக்கு ஏற்ப வளையாது. "ஏரி வாரியம்" என்ற தலைப்பைச் சுட்டு எடுத்து வந்தால், அதன் பின்னால் 'இல்' சேர்க்க முடியுமா? "ஏரி வாரியம்இல்" என்று அச்சாகும். "ஏரி வாரியத்தில்" என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஹங்கேரிய மொழிக்கு மட்டும் லிப்ரே ஆபீஸில் ஒரு சலுகை உண்டு. வருகிற சொல்லின் ஒலிக்கேற்ப மாறும் முன்சொல்லை அதுவே பார்த்துச் சேர்க்கும். நம் உருபுகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே வாக்கியத்தை நாம்தான் வளைக்க வேண்டும். தலைப்பைச் சுட்டினால் மேற்கோள் குறிக்குள் வைத்து, "'ஏரி வாரியம்' என்ற பகுதியில்" என்று எழுதுங்கள். உருபு 'பகுதி'யோடு சேர்ந்துவிடும், தலைப்பு நாளை எப்படி மாறினாலும் வாக்கியம் உடையாது. சந்தி மிகுமா மிகாதா என்ற கேள்வியும் எழாது. எண் என்றால் கவலையே இல்லை: 87ஆம், 3ஆம், 140ஆம் என எந்த எண்ணுக்கும் 'ஆம்' ஒன்றே. "87ஆம் பக்கத்தில்" என்பதில் 87 மட்டும் சுட்டு, மற்றதை நீங்கள் அடிக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் "(காண்க: பக்கம் 87)" என்று முடித்துவிடுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. "மூன்றாம் இயலில்" என்று எழுத்தால் எழுதும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். சுட்டு எண்ணைத்தான் தரும், எண்ணுப்பெயரைத் தராது.

மேலே, கீழே என்று காட்டும் வடிவும் அந்தப் பெட்டியில் உண்டு. பல கோப்பு வேலையில் அதைத் தொடாதீர்கள். மூன்று இயல் தள்ளி இருப்பதை 'கீழே' என்றால் படிப்பவர் பக்கத்தின் அடியில் தேடுவார்.

சரிபார்த்தல்

தாய்க்கோப்பை முழுதாகப் புதுப்பித்து, பிடிஎஃப் ஆக்குங்கள். சுட்டுகளைத் தாய்க்கோப்பிலேயே தேடிப் பார்ப்பதைவிட பிடிஎஃபில் தேடுவது எளிது. எரர் என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். வரும் ஒவ்வொன்றும் அறுந்த கயிறு: அடையாளம் அழிந்திருக்கும், அல்லது பெயர் பொருந்தவில்லை. அதன் பிறகு "காண்க" என்று தேடுங்கள். கையால் அடித்த பழைய எண்கள் எங்காவது ஒளிந்திருந்தால் அப்போது சிக்கும். எல்லாச் சுட்டுகளையும் பார்க்க நேரமில்லை என்றால் ஒவ்வொரு இயலிலும் ஐந்தையாவது எண்ணைப் பின்தொடர்ந்து போய், சொன்ன பொருள் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எண் வந்துவிட்டதாலேயே அது சரியான இடத்தைச் சுட்டுகிறது என்று பொருளில்லை. பதிவேட்டில் பக்கத்து வரியின் பெயரைத் தவறி ஒட்டியிருக்கலாம்.

வேர்டிலேயே செய்தாக வேண்டுமென்றால்

சில இடங்களில் வேர்டு கோப்பைத்தான் கேட்பார்கள். வேர்டிலும் மாஸ்டர் டாக்குமென்ட் உண்டு. ஆனால் கோப்புகள் கெட்டுப்போவதாக அதற்கு நெடுநாளாகவே கெட்ட பெயர். நான் அதை நம்பி ஆய்வேட்டை ஒப்படைக்க மாட்டேன். அதன் கிராஸ் ரெஃபரன்ஸ் பெட்டி அதே கோப்புக்குள் இருப்பவற்றை மட்டுமே காட்டும். என் பரிந்துரை: எழுதும்போது தனித்தனிக் கோப்புகள், இறுதிக் கட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, அதற்குப் பிறகே சுட்டுகளை இடுங்கள். அதுவரை சுட்டு வர வேண்டிய இடத்தில் "பக்கம் 00" என்று போட்டு, அருகில் பொருளின் பெயரையும் எழுதி, மஞ்சள் நிறமிட்டு வையுங்கள்.

ஒன்றாக்கிய கோப்பில் புக்மார்க் வைத்து அதைச் சுட்டுங்கள். புக்மார்க் பெயர் எழுத்தில் தொடங்க வேண்டும், இடைவெளி கூடாது, 40 குறிகளைத் தாண்டக்கூடாது. சொற்களைப் பிரிக்க அடிக்கோடு பயன்படுத்தலாம். வேர்டில் இந்தப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துகளையே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும். தலைப்பை முழுதாக அழித்து மறுபடி அடித்தால் கயிறு அறுவது இங்கும் அப்படியே.

பைண்டிங் கடைக்கு எதில் செய்திருந்தாலும் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். வாய்மொழித் தேர்வு முடிந்து திருத்தங்கள் வரும்போது, பிடிஎஃபைச் சுரண்டாமல் இயல் கோப்பைத் திறந்து திருத்துங்கள். அந்தக் கோப்புறையைப் பதிவேட்டுடன் ஆய்வாளரிடம் ஒரு படி கொடுத்துவிட்டு, மற்றொரு படியை நீங்களும் வைத்திருங்கள். சில ஆண்டுகள் கழித்து அதையே நூலாகப் போட அவர் வருவார். பக்க அளவு மாறும், எழுத்தின் அளவு மாறும், ஒரு இயலை விட்டுவிடலாம் என்பார். அப்போது தாய்க்கோப்பைத் திறந்து, அந்த இயலை நேவிகேட்டரிலிருந்து நீக்கி, புதுப்பித்து, பிடிஎஃபில் எரர் என்று தேடினால் போதும்.